முதுமையும் புதுக் கருவியும்

மனிதன் கருவிகளைப் படைக்கின்றான். பின்னர் அக்கருவிகள் அவன் வாழ்க்கை முறையை மாற்றி அமைக்கின்றன. ஏர் வந்தபோதும், எழுத்து வந்தபோதும், அச்சுப் பொறி வந்தபோதும், புகைவண்டி வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. ஆயினும் அம்மாற்றங்கள் தலைமுறைகளைக் கடந்து மெல்ல நடந்தன. தந்தை கற்ற தொழிலை மகன் கற்றான்; அறிவு மூத்தோரிடமிருந்து இளையோரை நோக்கி ஆற்றுநீர்போல் இறங்கி வந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் திறன்பேசி, ஒரே வாழ்நாளுக்குள் அந்த நீரோட்டத்தைத் திருப்பிவிட்டது. எழுபது வயதுப் பாட்டனார் பத்து வயதுப் பெயரனிடம் பாடம் கேட்கும் காலம் வந்திருக்கின்றது.

இதனைக் கருவிப் பழக்கம் பற்றிய சிறு செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. இதனுள் ஓர் அறக் கேள்வி அடங்கியிருக்கின்றது. முதியோர்க்கு நாம் பட்ட கடன் யாது? அவர்கள் வேலையை நாமே செய்து கொடுப்பதா? அவர்களே செய்துகொள்ளுமாறு கற்றுக் கொடுப்பதா?

புதுமைக்கு அஞ்சாத மண்

இக்கேள்வியை எங்கிருந்தும் எழுப்பலாம். நாம் பங்காருபேட்டையில் நின்று எழுப்ப விரும்புகின்றோம். சென்னை – பெங்களூர் இருப்புப் பாதையில், கோலார் தங்கவயலுக்குக் கிளைப் பாதை பிரியும் சந்திப்பு இவ்வூர். மைசூர் ஆணையராக இருந்த பவுரிங் துரையின் பெயரால் இது முன்னர் பவுரிங்பேட்டை என வழங்கப்பெற்றது. வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்கள் பல, இச்சந்திப்பில் வண்டி மாறித்தான் சுரங்கத்தை அடைந்தன.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் எத்தகையது? 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலைத் தொடங்கினர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. ஏரும் மண்வெட்டியும் மட்டுமே பழகிய கைகள் அங்கே காற்றழுத்தத் துளைப்பொறியைப் பிடித்தன. மணியோசையின் எண்ணிக்கை கொண்டு, கூண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அச்செவிகள் அறிந்தன. பள்ளி வாயிலை மிதியாத பலர், உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றை இயக்கும் கலையைக் கற்றனர். அங்கே ஒரு சிறு பிழைக்கும் விலை உயிராக இருந்தது.

அச்சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இன்று எழுபதைக் கடந்து நிற்கும் தங்கவயல் முதியோர் பலர் அதில் உழைத்து ஓய்ந்தவர்கள். அல்லது உழைத்தவரின் துணைவியர். அவர்கள் மக்கள் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பெற்றோர் கையில் ஒரு திறன்பேசியை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சென்றிருக்கின்றனர். அதனைக் கண்டு அம்முதியோர் தயங்கினால், ‘இவர்களுக்கு எங்கே வரப்போகிறது’ என்று நாம் எண்ணிவிடுகின்றோம். பாதாளத்தில் பொறி பழகியவர்களைப் பார்த்து நாம் எண்ணும் எண்ணமா இது?

தயக்கத்தின் வேர்

தயக்கத்திற்குக் காரணங்கள் உண்டு. கண் மங்கியிருக்கின்றது, எழுத்தோ எள்ளினும் சிறிதாக இருக்கின்றது. உழைத்துக் காய்த்த விரல் தொட்டால் திரை உடனே ஏற்பதில்லை. சற்று அழுத்தினால் வேறொன்று திறந்துகொள்கின்றது. பழைய பொறிகள் தம் வேலையைக் கண்ணுக்குக் காட்டின. சக்கரம் சுழல்வதைப் பார்த்து அதன் இயல்பை உணரலாம். இக்கருவியோ தன் உள்ளத்தை மறைத்து வைத்திருக்கின்றது. நேற்று ஓரிடத்தில் இருந்த படம் இன்று வேறிடத்தில் இருக்கின்றது. போதாக்குறைக்கு, வாங்கிக் கொடுத்தவர்கள் அதனை ஆங்கிலத்திலேயே விட்டுச் சென்றுவிடுகின்றனர். அமைப்புகளுக்குள் சென்று தமிழைத் தேர்ந்தெடுக்க இரண்டு மணித்துளிகள் போதும். எழுத்தைப் பெரிதாக்கவும் அவ்வளவே ஆகும். அந்தச் சில மணித்துளிகளை ஒதுக்காமல், கற்பவரின் அறிவைக் குறை கூறுவது எங்ஙனம் முறையாகும்?

இவை யாவற்றினும் பெரிய தடை நாணம். “எத்தனை தடவை சொல்வது?” என்று பிள்ளை சலித்துக்கொள்ளும் ஒரு சொல், முதியவர் கையிலிருந்து கருவியைக் கீழே வைக்கச் செய்துவிடும். மீண்டும் அவர் கேட்கமாட்டார். ‘எனக்கு எதற்கு இதெல்லாம்’ என்று சொல்லிவிடுவார். நாமும் அதனை அவரது விருப்பமென்று நம்பிவிடுவோம். அகரம் எழுத நமக்கு எத்தனை முறை கைபிடித்துக் காட்டினார்கள் என்பதை நம்மில் எவரும் எண்ணி வைக்கவில்லை. அவர்களும் எண்ணவில்லை.

மூன்றாமவர்

சுரங்கக் குடியிருப்புகளில் முற்காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் குறைவு. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் மறுமொழியைத் தபால்காரரோ, அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுவனோ படித்துச் சொல்ல வேண்டும். கணவன் மனைவிக்குச் சொல்ல நினைத்ததை மூன்றாமவர் செவியில் சொன்னான். அவள் அழுகையை மூன்றாமவர் குரலில் கேட்டான். ஆகவே சொல்ல வேண்டியவை பல சொல்லப்படாமலே நின்றன. ‘இங்கு யாவரும் நலம்’ என்ற ஒரு வரியில் எத்தனையோ இதயங்கள் ஒளிந்து வாழ்ந்தன.

திறன்பேசி அந்த மூன்றாமவரை விலக்கக்கூடிய கருவி. வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்ப எழுத்தறிவு வேண்டுவதில்லை. ஒலிவாங்கிப் படத்தை விரலால் அழுத்திக்கொண்டு பேசினால் போதும். ஒரு வரியும் எழுதத் தெரியாத தாய், வாழ்நாளில் முதன்முறையாகத் தன் சொல்லைத் தானே மகளுக்கு அனுப்ப முடியும். இது சிறு பேறன்று.

ஆனால் அந்தப் படத்தை அழுத்தவும் வேறொருவர் வரவேண்டுமானால், பழைய மூன்றாமவர் மீண்டும் நடுவில் வந்து அமர்ந்துவிடுகின்றார். மருமகளின் கையால் அழைப்பு விடுத்து, மகளிடம் மனத்தாங்கலைப் பேச எந்தத் தாய் துணிவாள்? பணத்தின் நிலையும் இதுவே. ஓய்வூதியம் வந்தது என்னும் குறுஞ்செய்தி தாயின் பெயருக்கு வருகின்றது. அதைப் படிப்பவன் மகன். இரகசிய எண் பாட்டியின் கணக்கிற்கு உரியது. அதை அறிந்தவன் பெயரன். பெரும்பாலான பிள்ளைகள் நேர்மையானவர்களே. எனினும் தம் பணத்தில் நூறு ரூபாய் எடுக்கவும் ‘தம்பி, கொஞ்சம் நேரம் இருக்கிறதா?’ என்று கேட்டு நிற்க வேண்டிய நிலை, உழைத்து உண்டவர்களுக்குத் தாங்கொணாத பாரம். 2016-இல் யூ.பி.ஐ. முறை வந்தபின், பங்காருபேட்டையின் புகழ்பெற்ற பானிபூரி வண்டிகள் வரை பணம் கைப்பேசி வழியே செல்கின்றது. அக்கருவியை ஆளத் தெரியாதவர், தம் ஊர்த் தெருவிலேயே பிறர் துணையோடு நடக்க வேண்டியவராகின்றார்.

இரு மறுப்புகள்

‘ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்வதன்றோ நம் குடும்ப நெறி? பிள்ளைகள் இருக்க, முதியோர் ஏன் துன்பப்பட வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். சார்ந்து வாழ்வது நம் பண்பே; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் சார்பில் இரு வகை உண்டு. தம்மால் இயன்றதைத் தாமே செய்து, இயலாததற்குத் துணை கொள்வது ஒரு வகை. இயன்றதையும் செய்ய விடாமல் பிறர் எடுத்துக்கொள்வது மற்றொரு வகை. ஊன்றுகோல் கொடுக்கலாம், அதற்கு விலையாகக் கால்களைக் கேட்கலாகாது. ஐக்கிய நாடுகள் பேரவை 1991-இல் முதியோர்க்கென வகுத்த கொள்கைகளும், பேணுதல் என்பதோடு தற்சார்பு, கண்ணியம் ஆகியவற்றையும் சேர்த்தே கூறுகின்றன.

‘ஏமாற்றுவோர் பெருகிய காலத்தில் முதியோர் கையில் இதைக் கொடுப்பது ஆபத்தாயிற்றே’ என்பது இரண்டாவது மறுப்பு. அச்சம் நியாயமானது. காவல் அதிகாரி வேடமிட்டுக் காணொளியில் தோன்றி, ‘உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்’ என்று மிரட்டிச் சேமிப்பைச் சூறையாடும் கூட்டம் இருக்கின்றது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது இல்லவே இல்லை. இந்த ஓர் உண்மையை அறிந்த முதியவர் அழைப்பைத் துண்டித்துவிடுவார், அறியாதவர் நடுங்குவார். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லலாகாது என்பதும், ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பதும் அவ்வாறே கற்பிக்கத்தக்க பாடங்கள். கருவியைப் பறித்து வைப்பதினும் கற்பித்து வைப்பதே உறுதியான காவல். குழந்தை விழுந்துவிடுமென்று எந்தத் தாயும் நடை பழக்காமல் இருப்பதில்லை.

செவியில் சொன்ன பாடம்

மூத்தவர் இளையவரிடம் கற்பது இழிவென்று தமிழர் கருதியதில்லை. சுவாமிமலைத் தலக்கதை நாம் அறிந்ததே. பிரணவப் பொருளை மகனாகிய முருகனிடம் தந்தையாகிய சிவபெருமான் சீடராக நின்று கேட்டார் என்பது அக்கதை. ‘தகப்பன்சாமி’ என்ற பெயரை நம் மக்கள் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்கின்றனர். ஔவையாரை நாவல் மரத்தடியில் ஒரு சிறுவன் மடக்கிய கதையும் வீடுதோறும் வழங்குகின்றது. அறிவு எவரிடமிருந்து வரினும் கொள்ளத்தக்கது என்பதே இக்கதைகளின் உட்பொருள்.

சுவாமிமலைக் கதையில் இளையோர் கருதவேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. மகன் அப்பொருளைப் பலரறிய முழங்கவில்லை. தந்தையின் செவியில் மெல்லச் சொன்னான். முதியோர்க்குக் கற்பிக்கும் முறை அதுவே. விருந்தினர் முன் கேலி செய்து கற்பித்தல் கூடாது. கருவியைத் தம் கையில் பிடுங்கி, நான்கு முறை விரலை ஓட்டி, ‘இவ்வளவுதான்’ என்று திருப்பிக் கொடுப்பதும் கற்பித்தல் ஆகாது. கருவி கற்பவர் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். முதலில் அழைப்பை ஏற்கவும் அழைக்கவும், பிறகு குரற் செய்தி, அதன்பின் காணொளி, பணத்தைப் பற்றிய பாடம் இறுதியில். படிகளை ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி வைத்தால், மறந்தபோது எவரையும் கேட்கவேண்டாது. தவறு செய்யவும் இடம் கொடுக்கவேண்டும். தவறித் திறந்ததை மூடும் வழியறிந்தவருக்கே அச்சம் நீங்கும்.

முதுமையில் கல்வி ஏறாது என்பாருக்கு அண்டை மாநிலமாகிய கேரளம் விடை கூறுகின்றது. கார்த்தியாயினி அம்மாள் என்ற மூதாட்டியார் 2018-இல், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். 2025 ஆகஸ்டில், முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை என்னும் ஓர் ஊராட்சியில் தொடங்கிய முயற்சியே அவ்வாறு மாநிலமெங்கும் பரவியது. தொண்டர்கள் வீடு தேடியும் வேலைத்தலம் தேடியும் சென்று கற்பித்தனர். அங்கே இயன்றது நம் தெருவில் இயலாதா?

இயலாதவர் உரிமை

எனினும் ஓர் எச்சரிக்கை. எவ்வளவு கற்பித்தாலும் கற்க இயலாதோர் இருப்பர். பார்வை இழந்தோர், நினைவு தளர்ந்தோர், ‘வேண்டாம்’ என்று தெளிந்து சொல்வோர் இருப்பர். கற்கும் வாய்ப்பு உரிமையாக இருக்கவேண்டும். கல்லாமை குற்றமாகிவிடக் கூடாது. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கவேண்டும். 2014-இல் அதற்கு மின்னணு முறை வந்தது. விரல் ரேகை கேட்டது. உடலுழைப்பால் தேய்ந்த விரல்களில் ரேகையைப் பொறி காணாமற் போவதுண்டு. பின்னர் 2021-இல் முகத்தைக் கைப்பேசி வழியே காட்டும் முறையும் வந்தது. நல்ல ஏற்பாடே. ஆயினும் கருவி இல்லாதவர்க்கு ஒரு மனிதர் அமர்ந்த மேசையும் என்றும் இருக்கவேண்டும். நேரே வந்து நிற்கும் மனிதரைப் பார்த்து, ‘உயிரோடிருப்பதைத் திரையில் காட்டு’ என்று சொல்லும் சமுதாயம், கருவியில் முன்னேறி அறத்தில் பின்னடைந்த சமுதாயமே ஆகும்.

நம் கடன்

பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கின்றது. சட்டம் பொருளைப் பெற்றுத் தரலாம். பொறுமையைப் பெற்றுத் தர அதனால் இயலாது. அது நாம் மனமுவந்து கொடுக்கவேண்டிய கொடை.

புலம் பெயர்ந்து வாழும் நமக்கு இக்கடன் இரட்டிப்பாகும். நம் முன்னோர் மொழி தெரியாத மண்ணில், தெரியாத பொறியை நம் பொருட்டுக் கற்றனர். நாம் படிக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இருளில் இறங்கினர். விடுமுறையில் ஊர் செல்லும்போது புதிய கருவியொன்றை வாங்கிச் செல்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அதன் அருகில் அமரும் சில மாலைப் பொழுதுகளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது கொடையாகும். ஆண்டுக்கொரு விழாவெடுக்கும் நம் தமிழ்ச் சங்கங்கள், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மன்றக் கதவைத் திறந்து, இளையோரை முதியோர் அருகில் அமர்த்தினால், அது முத்தமிழுக்குச் செய்யும் தொண்டினும் குறைந்ததாகாது.

அம்மாணவர் கற்பிக்க வந்து கற்றும் செல்வர். கூண்டு இறங்கிய கதையையும் மணியோசைக் கணக்கையும் முதியோர் அவர்களுக்குச் சொல்வர். நீரோட்டம் அப்போது இரு திசையிலும் ஓடும். அத்தகைய மன்றங்கள் ஊர்தோறும் எழுக. நம் முதியோர் தம் சொல்லைத் தம் விரலாலேயே அனுப்பி மகிழ்க.