எகிப்தின் வெங்காயமா, பெத்லகேமின் தண்ணீரா?



இரட்சிக்கப்பட்ட ஒரு மனுஷன், தான் பழைய நாட்களில் ருசித்த ஒரு சின்னக் காரியத்தை நினைத்துச் சந்தோஷப்படலாமா? கேள்வி அற்பமானதுபோலத் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் அவசரப்பட்டுப் பதில் சொன்னேன். என்னைப் பெற்ற தகப்பனாரின் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆகவேதான் எழுதுகிறேன்.

என் தகப்பனார் உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு தேரிக்காட்டுக் கிராமத்தில் பனையேறினவர். சீசன் வந்துவிட்டால் நாளொன்றுக்கு 30 மரம், காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். மரம் உரசி உரசி நெஞ்சிலும் கையிலும் காய்த்துப்போன தழும்பு அவர் சாகும்வரை மாறவில்லை. நடுவயதில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தார். அம்மா போனபிறகு சென்னையில் என் வீட்டில் வந்து இருந்தார்.

நான் 1988-ல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் தொடப்பட்டவன். அந்நாட்களில் எனக்கிருந்த வைராக்கியம் கொஞ்சநஞ்சமல்ல. சினிமாவை விட்டேன், சிகரெட்டை விட்டேன். அவைகளை விட்டதற்காக இன்றைக்கும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நாளாக ஆக, விட்டவைகளை எண்ணிப் பார்ப்பதே எனக்கு ஒரு ருசியாகிவிட்டது. காப்பியை விட்டேன். பேப்பர் படிப்பதை விட்டேன். மழை பெய்யும்போது வாசலில் நின்று பார்ப்பதுகூட நேரத்தை வீணாக்குவதாகப் பட்டது. என்னென்ன விட்டேன் என்று சாட்சி சொல்லத் தெரிந்த எனக்கு, விட்ட இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று சொல்லத் தெரியாது. என் மனைவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான்தான் கேட்கவில்லை.

1994-ம் வருஷம், சித்திரை மாதம், நல்ல வெயில். வீட்டில் கரண்ட் இல்லை. அப்பா ஓலை விசிறியால் வீசிக்கொண்டே, "ஏல, இப்ப ஊர்ல பயினி இறக்கிருப்பானுவ. ஒரு பட்டை குடிச்சா இந்த வெக்கைக்கு எப்படியிருக்கும் தெரியுமா?" என்றார். எங்கள் பக்கத்தில் பதனீரைப் பயினி என்றுதான் சொல்வார்கள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

நான் வேதபுத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்பா, இன்னுமா எகிப்தின் வெங்காயத்தை நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? நமக்குப் பரலோக மன்னா இருக்கும்போது இந்தப் பூமிக்குரியதெல்லாம் எதுக்கு?" என்றேன். என் மனதில் ஒரு பெரிய பிரசங்கம் பண்ணிவிட்ட திருப்தி.

அப்பா கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "சரிப்பா" என்றார். விசிறியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஊரைப்பற்றி என் வீட்டில் அவர் வாய் திறக்கவே இல்லை. 1996-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

மூன்று வருஷம் கழித்து ஒரு நிலப் பத்திர விஷயமாக நான் ஊருக்குப் போகவேண்டியதாயிற்று. செம்மண்ணில் நடந்து நடந்து நாக்கு வறண்டுபோய் நின்றபோது, மரத்திலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் பனையோலையில் பட்டை மடித்துப் பதனீர் ஊற்றிக் கொடுத்தார். நான் யார் என்று விசாரித்தார். சொன்னேன். "நீங்க அவரு மவனா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அப்பா பனையேறின காலத்தில் தினமும் காலையில் ஒரு கலயத்தைத் தனியாக வைப்பாராம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் வீட்டில் கஞ்சி குடிக்காமல் வருகிற பிள்ளைகளுக்கு அது. அதில் குடித்து வளர்ந்தவர்களில் தானும் ஒருவன் என்றார். "இதெல்லாம் அப்பா உங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தபோது நான்தான் வாயை அடைத்துவிட்டேனே!

அன்றைக்கு ராத்திரி எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். இஸ்ரவேலர் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். அதிலே ஒரு வார்த்தையை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அந்த மீனை விலை கொடுக்காமல் சும்மா சாப்பிட்டோம் என்கிறார்கள். சும்மாவா? செங்கல் அறுத்த கை யாருடையது? அடிபட்ட முதுகு யாருடையது? நைல் நதியில் போடப்பட்ட பிள்ளைகள் யாருடையவை? அவர்கள் நினைவு பொய் சொல்லிற்று. அடிமைத்தனத்தைக் கழித்துவிட்டு ருசியை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு, அன்றன்று விழுந்த மன்னாவை அற்பமாக எண்ணினார்கள். கர்த்தருக்குக் கோபம் வந்தது அதனால்தான் என்று நான் நம்புகிறேன். வெங்காயம் என்ன பாவம் செய்தது?

தாவீதைப் பாருங்கள். அதுல்லாம் குகையில் ஒளிந்திருக்கும்போது, தன் ஊராகிய பெத்லகேமின் வாசலில் இருக்கிற கிணற்றுத் தண்ணீர்மேல் அவனுக்கு ஆசை வந்தது (2 சாமுவேல் 23). பெலிஸ்தர் தாணையம் அங்கே இருக்கிறது. குகையில் வேறு தண்ணீர் இல்லாமலா இருந்திருக்கும்? சிறுவயதில் குடித்த அந்தத் தண்ணீர்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. இந்த ஆசைக்காக வேதம் அவனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மூன்று பராக்கிரமசாலிகள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தபோது, குடிக்க மனதில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். தன் சந்தோஷத்துக்கு இன்னொருவன் என்ன விலை கொடுத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. எகிப்தை நினைத்து அழுதவர்கள் தாங்கள் கொடுத்த விலையையே மறந்துபோனார்கள்.

என் அப்பாவுடைய நினைவு இதில் எது? அவர் மரத்தின் ருசியையும் நினைத்தார், தழும்பையும் மறக்கவில்லை. மன்னாவை அற்பமாக எண்ணினவரும் அல்ல. விடியற்காலம் நாலு மணிக்கு எனக்கு முன்னே முழங்காலில் நின்றவர். நான் வெங்காயம் என்று சொன்னது, பெத்லகேமின் கிணறு.

இன்னொன்று. பனஞ்சாறு அதே சாறுதான். கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதனீர். தடவாமல் கட்டினால் புளித்துக் கள்ளாகிவிடும். புளித்தபிறகு எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அது பதனீர் ஆகாது. ஆகவே சுண்ணாம்பு தேவை. நம்முடைய மூப்பர்கள் பரிசுத்தத்தைப்பற்றிக் கண்டிப்பாய்ச் சொல்வது சரிதான், அதைத் தளர்த்த நான் எழுதவில்லை. ஆனால் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துவிடும். 1994-ல் நான் அந்த வயதான மனுஷனுக்குக் கொடுத்ததில் சாறு ஒரு சொட்டுகூட இல்லை.

அப்போஸ்தலனாகிய பவுல் ஐசுவரியவான்களை எச்சரிக்கிற அதே வசனத்திலே, நாம் அனுபவிக்கும்படியாகவே தேவன் நன்மைகளைத் தாராளமாய்க் கொடுக்கிறார் என்றும் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 6:17). முதல் பாதியை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். இரண்டாம் பாதிக்கு வெகுநாள் கழித்துத்தான் கோடு போட்டேன்.

போன மாதம் நம் சபையில் படுக்கையாயிருக்கிற ஒரு தாயாரை ஜெபிக்கப்போய்ப் பார்த்தேன். ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போகும்போது, "பிரதர், எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னால ஒரு வாய்க்கால் ஓடும்" என்று ஆரம்பித்தார்கள். கூட வந்த வாலிபத் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் வேதபுத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியாம்மா? அதுல மீன் கிடக்குமா?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். அதற்குப் பிறகு அவர்களே ஜெபித்தார்கள்.