நாற்காலி வந்தாச்சு, உட்காரலாமா?

துணிக்கடை, நகைக்கடை விற்பனையாளர்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை பார்ப்பது நெடுநாள் வழக்கம். வாடிக்கையாளர் இல்லாத வேளையில் உட்கார்ந்தால்கூட மேற்பார்வையாளர் முறைப்பார். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும்தான் மிச்சம்.

கேரளத்தில் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடும் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது.

நாற்காலி வாங்கிப் போடுவது எளிது. அதில் உட்காரும் துணிச்சலை யார் தருவது? உட்கார்ந்தால் சோம்பேறி என்ற எண்ணம் முதலாளியின் மனத்தில் இருக்கும்வரை அந்த இருக்கை ஆய்வாளருக்குக் காட்ட மட்டுமே உதவும். கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியை எவரும் சோம்பேறி என்பதில்லையே!

சட்டம் உரிமையைத்தான் தரும்; அதை அன்றாட வழக்கமாக்குவது மேலாளரின் பொறுப்பு. கூட்டம் ஓய்ந்ததும் “கொஞ்சம் உட்காருங்கம்மா” என்று அவரே முதலில் சொல்லட்டும். கால் கடுக்காத விற்பனையாளர்தான் இருபதாவது புடவையையும் முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டுவார். லாபம் கடைக்கும் சேர்த்துத்தான்.