எறும்பும் அடியாரோ?

திருமலையிலே நந்தவனம் அமைத்துத் திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்யுமாறு எம்பெருமானார் நியமிக்க, அதனைச் சிரமேற்கொண்டவர் அனந்தாழ்வான். அவர் ஒருகால் மலையினின்று இறங்கி யாத்திரை செய்கையில், வழியிலே கட்டுப்பிரசாதத்தை அவிழ்த்தார்; அதில் எறும்புகள் ஊர்ந்தன. எப்பிறவியாயினும் திருமலையிற் பிறக்க விழைந்த அடியாராகவும் இவை இருக்கலாமே என்றெண்ணி, அவற்றை மீண்டும் மலையிலே சேர்ப்பித்தார் என்பது பெரியோர் கூறும் வரலாறு.

அவரது தயையைக் கொண்டாடுகிறோம். ஆயின் தயைக்கு முன் நிகழ்ந்தது ஒன்றுண்டு: அவர் உற்று நோக்கினார். நோக்காதவனிடத்துத் தயை இருந்தும் பயன் யாது?

கொல்லிமலையேறித் திண்ணனூர் நாட்டுக்கு வரும் அன்பர்கள் இம்மலைத் தேனை மெச்சுகின்றனர். வண்டும் தேனீயும் மலைக்கே உரியன, நகரத்தில் அவற்றிற்கு இடமில்லை என்று கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. திருச்சி மாநகரை அடுத்து, ஸ்ரீரங்கத்தின் அருகே மேலூரில் 2015ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவே திறக்கப்பட்டது. வீட்டுத் துளசியின் பூவை நாடித் தேனீ வருகிறது; கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் சிலவகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன.

ஆயினும் தேனருந்தும் வண்டைப் போற்றும் நாம், இலை தின்னும் புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்கிறோம். எல்லா ஜீவர்களும் பகவானுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தம். அவனுக்குச் சாத்தும் பூவின்பொருட்டு அவன் சரீரத்திலே நஞ்சிடுவது கைங்கரியமாகுமோ?

"பூச்சிகளை விட்டுவைத்தால் மாலைக்குப் பூ ஏது?" என்று வினவலாம். நியாயமான வினாவே. எப்பூச்சி செடியை மாய்க்கும், எது நாலு இலையோடு அமையும் என்று அறிந்தவனே விடை கூற வல்லவன். அறியாது தெளித்த மருந்து இரண்டையும் கொல்லும். அசுவினியைத் தின்று செடியைக் காக்கும் பொறிவண்டையும் கொல்லும். ஆதலின் அறிதலும் தர்மத்தின் அங்கமே.

இங்கிலாந்தில் 1976 முதல், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, அன்பர்கள் வாரந்தோறும் ஒரே பாதையில் ஒரே சீராக நடந்து, கண்ட வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக் குறித்து வருகின்றனர். எவ்வினம் பெருகிற்று, எது அருகிற்று என்பது இவ்வாறே புலனாயிற்று. நாள்தோறும் பிரதக்ஷிணம் செய்யும் நமக்கு இஃது அரிதன்று. ஊர் திரும்பியபின், உங்கள் கோயில் நந்தவனத்தையோ நகராட்சிப் பூங்காவையோ வாரம் ஒருமுறை வலம்வந்து, கண்ட பூச்சிகளைக் குறித்து வையுங்கள். பெயர் தெரியாவிடினும் நிறமும் இருந்த செடியும் எழுதினால் போதும். சென்ற ஆண்டு வந்தது இவ்வாண்டு வரவில்லை என்று அறிந்தவனே அதன் காரணத்தைத் தேடுவான். கையிலுள்ள மருந்தையும் கீழே வைப்பான்.