கீவான்: தென்னை காய்க்கும் வரை

பிலிப்பைன்ஸ் நாட்டின் சாமார் தீவு, தன் தென்கிழக்கு மூலையில் பசிபிக் பெருங்கடலை நோக்கி ஒல்லியாக நீண்டு முடியும் இடத்தில் அமைந்திருக்கும் சிற்றூர் கீவான். 2013 நவம்பர் 8 அன்று பொழுது விடியுமுன், ஏறத்தாழ 4.40 மணிக்கு, பிலிப்பைன்ஸ் மக்கள் யொலாண்டா என்று குறிப்பிடும் ஹையான் சூறாவளி முதன்முதலாகக் கரையைத் தொட்டது இவ்வூரில்தான். வங்கக் கடலில் புயல் என்று அறியப்படும் வெப்பமண்டலச் சூறாவளியே மேற்குப் பசிபிக்கில் டைஃபூன் எனப்படுகிறது. ஹையானின் காற்று வேகத்தை அமெரிக்கக் கணிப்பாளர்கள் மணிக்கு 315 கிலோமீட்டர் என மதிப்பிட்டனர். நாடு முழுவதும் 6,300 பேர் மாண்ட அப்பேரிடரில், ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள்தொகை கொண்ட கீவானில் உயிரிழப்பு நூறையொட்டி நின்றது. ஆனால் கூரையோடு மிஞ்சிய வீடுகளைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது. புயலை முன்கூட்டியே காட்டுவதற்காக ஜப்பானிய உதவியுடன் அங்கே நிறுவப்பட்டிருந்த வானிலை ராடாரும் அதே காற்றில் சிதைந்தது.

பேரிடர்ச் செய்திகளின் வழியாக மட்டும் கீவானை அறிந்தவர்களுக்கு அதன் தொன்மை வியப்பளிக்கும். 1521இல் மகெல்லனின் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து வந்து, நோயுற்ற மாலுமிகளை இறக்கி இளைப்பாறிய ஹொமொன்ஹொன் தீவு இவ்வூரின் ஆட்சி எல்லைக்குள் அடங்குவது. கடற்கொள்ளையரை எதிர்பார்த்துக் கோட்டைச் சுவர் சூழக் கட்டப்பட்ட இங்குள்ள மாதா கோயிலின் உட்புறத்தில், பக்கச் சிற்றாலயங்களின் சுவரிலும் ஞானஸ்நான அறையிலும், உள்ளூர்க் கடலில் பொறுக்கிய சங்கும் சிப்பியும் பூவாகவும் கொடியாகவும் பதிக்கப்பட்டிருந்தன. விரல்நகம் அளவே உள்ள சோழிகள்கூட வரிசை பிசகாமல் அமைந்த அந்த வேலைப்பாட்டுக்காகவே கற்றறிந்தோர் பலர் இவ்வூரைத் தேடி வந்தனர். 2001இல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்ட அக்கோயிலின் கூரையை ஹையான் பிய்த்தெறிந்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்கப் படையினர் இங்கே பெரிய தளமொன்றை நிறுவினர். அன்று குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளத்தில்தான் 2013இல் நிவாரண விமானங்கள் இறங்கின, வீடிழந்த குடும்பங்கள் அதன் ஓரத்தில் வரிசையில் காத்திருந்து வெளியேறின. அருகிலுள்ள துபாபாவ் தீவில் 1949 முதல், சீனாவின் ஷாங்காயிலிருந்து தப்பி வந்த ரஷ்ய அகதிகள் ஆயிரக்கணக்கில் கூடாரங்களில் தங்கியிருந்தனர் என்பதும், வேறெந்த நாடும் கதவு திறக்காத வேளையில் பிலிப்பைன்ஸ் அவர்களை ஏற்றது என்பதும் இன்று பலருக்கும் நினைவில்லாத செய்திகள்.

இத்தகைய ஊருக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் பயணியின் கண் முதலில் கோயிலுக்கே போகிறது. இடிபாடுகளிலிருந்து மரச் சிற்பத் துண்டுகளையும் சிப்பிப் பதிவுகளையும் பொறுக்கி, பிரித்து, பதிவு செய்து, தேசிய அருங்காட்சியகம் வெளிநாட்டு நிதியின் துணையோடு அதை மீட்டெடுத்த பணி பாராட்டுக்குரியதே. அதற்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, ஊர் மீண்டுவிட்டது என்று எழுதிவிட்டுப் போகிறவர்களிடம்தான் குறை இருக்கிறது. அவர்கள் ஊரை விட்டு வெளியேறும் சாலையில் இருபுறமும் ஒரு முறை பார்த்திருக்கலாம்.

அச்சாலையோரத்துத் தோப்புகள்தாம் இவ்வட்டாரத்தின் வரவு செலவு. கொப்பரை, அதாவது எண்ணெய்க்காக உலர்த்திய தேங்காய்ப் பருப்பு, விற்ற காசில்தான் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் நடந்தன. ஹையானில் பிலிப்பைன்ஸ் இழந்த அல்லது சேதமுற்ற தென்னைகள் மூன்று கோடிக்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டது. விழுந்த மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் பலகையாக்கிய குடும்பங்கள் அவற்றைக் கொண்டே வீடு எழுப்பிக்கொண்டன. அறுபடாமல் மட்கிய தண்டுகளிலோ காண்டாமிருக வண்டு, அதாவது குருத்தைத் துளைத்து உண்ணும் கொம்பு வண்டு, முட்டையிட்டுப் பெருகி, தப்பி நின்ற மரங்களையும் தாக்கும் அபாயம் இருந்தது. 2018இல் கஜா புயல் கடந்தபின் பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் எதிர்கொண்டதும் இதே கணக்குத்தான்: நெட்டை இரகக் கன்று நட்டால் காய்ப்புக்கு ஆறேழு ஆண்டு, நல்ல விளைச்சலுக்கு இன்னும் சில ஆண்டு. நிவாரணத் திட்டங்களோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் கணக்கை முடித்து, பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. இடைப்பட்ட காலத்தில் கடற்பாசி வளர்ப்பும், கன்றுகளுக்கிடையே மரவள்ளியும் காய்கறியும், பெருநகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமுமே அக்குடும்பங்களுக்குக் கை கொடுக்கும்.

2014இல் நட்ட கன்று 2020 வாக்கில் காய்க்கத் தொடங்க வேண்டும். அதற்குள், 2019 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில், பான்ஃபோன் சூறாவளி அண்டை ஊரான சல்செடோவில் கரையேறியது.