அளவையும் ஆரவாரமும்

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், விநாயகர் திருவுருவங்கள் பாலருந்துகின்றன என்னும் செய்தி பாரததேசமெங்கும் பரவிற்று. கரண்டியிற் பால் குறைந்தது காட்சி. பிள்ளையார் அருந்தினார் என்பதோ கருதல். காட்சியிற் பிழையின்று, கருதலே ஆராயற்பாலது. நடுவணரசின் அறிவியலறிஞர் பாலில் வண்ணங் கலந்து நோக்கினர். அது மெல்லிய படலமாய்த் திருவுருவின்மேல் வழிந்தமை புலப்பட்டது.

திரண்டார் ஆரவாரம் பிரமாணமாகாது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவையை முன்வைத்துப் பின்னரே பதியிலக்கணம் நிறுவினமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

வியாசர்பாடி இரவீசுவரர் சந்நிதியிற் கண்ணீர் மல்கி நிற்றல் அன்பு. கேட்டதனைத்தும் மெய்யென்று கோடல் அன்பன்று. வியப்பைப் பற்றி நின்ற பத்தி, வியப்பு நீங்கத் தானும் நீங்கும். ஆராய்ந்து தெளிந்த பத்தியோ நிலைபெறும். அதனையே யாம் வேண்டுகின்றோம்.