போனுக்கு முன்பு பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்ற பழமொழியில் தகப்பனுக்கு இடமில்லை. கள்ளக்குறிச்சியில் இன்றும் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், போனைப் பிடுங்கியதும் தரையில் புரண்டு அழுதால், கேள்வி அம்மாவிடம்தான் போகிறது: "நீ வீட்ல என்னதான் பண்ற?"

போனால் தீங்கில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பிள்ளை 'ங்கா' என்றால் நாம் 'என்னடா தங்கம்' என்கிறோம். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது. திரை பேசும், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது.

காத்திருக்க யாருக்கு நேரமிருக்கிறது? ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை.

"அந்தக் காலத்துல போனா இருந்துச்சு? பிள்ளைங்க வளரலையா?" என்பார்கள். வளர்ந்தார்கள், அக்காவின் இடுப்பில். கல்வராயன் மலையில் அம்மா மரவள்ளிக் காட்டுக்குப் போனால், வேலை தேடி வெளிமாநிலம் போனால், தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றவள் எட்டு வயதுப் பெண்பிள்ளை. அதற்காக அவள் பள்ளியை விட்டதை யாரும் நடத்தைக் கோளாறு என்று சொல்லவில்லை. திரையில்லாக் காலத்துக்கு ஏங்கும்போது அவளுடைய உழைப்புக்கும் சேர்த்தே ஏங்குகிறோம்.

வீட்டின் சத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றபோது நாடே இந்த ஊரைப் பார்த்தது. சாவு விழாத மாலைகளில் சாராயம் வீட்டுக்குள் கொண்டுவரும் கூச்சலை யாரும் எண்ணுவதில்லை. அந்தக் கூச்சல் காதில் விழாமலிருக்கப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து ஒலியைக் கூட்டி வைக்கிற தாய் உண்டு. நாளை அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்தால், 'போன் பார்த்துக் கெட்டுப்போச்சு' என்போம்.

குற்றமும் பொறுப்பும் வேறு வேறு. குற்றம் நடந்து முடிந்ததைப் பார்த்து ஓர் ஆளைத் தேடுகிறது. பொறுப்பு இனிச் செய்யவேண்டியதைப் பார்க்கிறது. அதைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். அம்மாவின் மேல் குற்றமில்லை என்று நிறுவிவிட்டாலும், பிள்ளைக்குக் கிடைக்காமல்போன பேச்சு கிடைக்காமல் போனதுதான். ஆகவே அவளை விடுவிப்பதோடு நம் வேலை முடிவதில்லை.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. கரும்பு வெட்டுகிறவளுக்கும் மரவள்ளி பிடுங்குகிறவளுக்கும் அப்படியொரு நிறுவனம் இல்லை. அவர்கள் வேலை முடிந்து திரும்பும்வரை அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். வீட்டில் சோறு கொதிக்கும் அரைமணி நேரம் அப்பாவின் மடியில் பிள்ளை இருக்க வேண்டும், அவர் கையில் போன் இல்லாமல்.

பிள்ளை எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறது என்று கேட்கிற மருத்துவர், அப்பா எத்தனை மணி நேரம் பிள்ளையைப் பார்க்கிறார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.