மாக்கோழியும் திரையில் மடிந்த தாயும்

உயிரில்லாத ஒன்றைக் கொன்றால் அது கொலையாகுமா? இவ்வினாவை எழுப்பி ஒரு காப்பியமே செய்து வைத்துச் சென்றுள்ளனர் நம் முன்னோர். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் கதையை இளமையில் கேளாத தமிழ்ச் சமணர் மிகச் சிலரே. யாமும் கேட்டோம், பிறருக்கும் சொன்னோம். ஆயினும் அவ்வினா எமது எழுபத்தோராம் அகவையில், எண்ணூரை அடுத்த கத்திவாக்கத்தில், ஒரு கணினித் திரையின் முன் எம்மை நோக்கியே எழும் என்று எண்ணியதில்லை. அது வந்த வழியை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. நாள்தோறும் நடக்கச் சொன்னார் மருத்துவர். எண்ணூரில் நடப்பது எளிதன்று. நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கடற்கரைப் பக்கம் போகலாமெனில், அதற்கு முந்தைய மாதத்து நிகழ்ச்சிகள் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து கலந்து வந்த எண்ணெய் முகத்துவாரமெங்கும் படர்ந்தது. அம்மாத இறுதியில், 26ஆம் நாள் நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தோளிற் சுமந்து இருளில் ஓடினர். ஆகவே, அண்மையில் ஒரு மொட்டை மாடியில் தொடங்கப்பெற்ற கூட்டு உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம்.

காலை ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேர் கூடுவோம். பெரும்பாலோர் பெண்மணிகள், ஓய்வு பெற்ற தொழிலாளர் நால்வர், கப்பற்பணிக்குச் செல்ல விரும்பும் இளைஞர் இருவர். கற்பிப்பவர் எம் மகளினும் இளையவர். ஒலிப்பெருக்கியில் பாட்டு ஒலிக்க, அதன் தாளத்துக்குக் கையும் காலும் வீசுதல், உட்கார்ந்து எழுதல், முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையிற் பட உடலைப் பலகைபோல் நிறுத்துதல் என முக்கால் மணி நேரம் நடைபெறும். இரு நாழிகைக்கு மூன்று நிமிடமே குறைவு. ஒரு சாமாயிகத்தின் அளவு! இத்தனை ஆண்டுகளில் தவறாமல் சாமாயிகத்தில் அமர்ந்தவர்கள் என்று எம்மைச் சொல்லிக்கொள்ள முடியாது. உடலுக்காக மட்டும் ஒருநாளும் தவறாமல் சென்றது எமக்கே வியப்பாயிருந்தது.

உடலைப் பேணுதல் நம் நெறிக்கு ஒவ்வுமா என்று சிலர் கேட்பர். காயோத்சர்க்கம் என்று உடலைக் கைவிட்டு நிற்றலைப் போற்றும் நெறியாயிற்றே என்பர். முனிவரின் உணவுக்கு நம் நூல்கள் கூறும் உவமைகளுள் ஒன்று, வண்டியின் அச்சுக்கு எண்ணெயிடுதல். அச்சின் மேல் ஆசை கொண்டு எவரும் எண்ணெய் இடுவதில்லை. வண்டி ஊர் சேர வேண்டுமென்றே இடுகின்றனர். பொறிகளுக்கு எண்ணெயிட்டே வாழ்நாளைக் கழித்த எமக்கு இவ்வுவமை விளங்கிய அளவு வேறெதுவும் விளங்கியதில்லை. எனவே அவ்வினாவில் எமக்கு இடர்ப்பாடு இல்லை. இடர்ப்பாடு வேறிடத்திலிருந்து வந்தது.

எமக்கு அடுத்த பாயில், எம்மினும் மூன்றாண்டு மூத்த ஒருவர் பயில்வார். பலகை நிலையில் அவர் எமக்குப் பின்னரே தரையில் சாய்வார். நாள்தோறும் அப்படியே. எமது கண் அவர் பாயை விட்டு விலகவில்லை. "ஐயா, பக்கத்துல பாக்காதீங்க, உங்க மூச்ச மட்டும் பாருங்க" என்று ஆசிரியை பலமுறை சொன்னார். யாம் கேளாமல், ஒருநாள் அவரை வென்றே தீர்வதென்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தெழுந்தோம். அன்று மாலையே முழங்கால் வீங்கியது. மூன்று வாரம் மாடிப்படி ஏறலாகாது என்று விதித்தார் மருத்துவர்.

அப்போது கோடை விடுமுறை. எம் பெயரன் பதினான்கு வயதினன், திரையைவிட்டுக் கண்ணெடுக்காதவன். சுட்டும் வெட்டியும் ஆடும் ஆட்டங்களை அவன் ஆடக் கண்டு பன்முறை கடிந்துள்ளோம். 'யசோதரன் கதை தெரியுமா உனக்கு?' என்று தொடங்கி, மாக்கோழியைச் சொல்லி முடிப்போம். அவன் கேட்டுக்கொள்வான், மறுநாளும் ஆடுவான். முழங்காலோடு யாம் கட்டிலிற் கிடந்தபோது மடிக்கணினியைக் கொண்டுவந்து, "தாத்தா, இதுல யாரையும் கொல்லாமலே கடைசிவரைக்கும் போகலாம். ஆடிப் பாருங்க" என்றான். அவ்விளையாட்டின் பெயர் அண்டர்டேல். அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் என்பவர் ஏறத்தாழத் தனியொருவராகவே உருவாக்கி, இசையும் தாமே அமைத்து, 2015இல் வெளியிட்டது. படங்கள் பழைய காலத்துக் கட்டங்கட்டமான படங்கள்தாம். எழுத்தெல்லாம் ஆங்கிலம், எமக்குப் புரியாதவற்றைப் பெயரன் தமிழில் சொன்னான்.

பாதாளத்தில் விழுந்துவிட்ட ஒரு மானிடக் குழந்தை நாம். அங்கு வாழும் விலங்குருவினர் எதிர்ப்படுவர். நம் உயிர் ஒரு சிறு சிவந்த இதயமாகத் திரையில் தோன்றும். அவர்கள் எறிவனவற்றிற்குத் தப்பி அவ்விதயத்தை நகர்த்திக்கொண்டே, தாக்குவதா, பேசுவதா, விட்டுவிடுவதா என்று நாம் தெரிவு செய்தல் வேண்டும். தாக்கிக் கொன்றால் நம் நிலை எண் உயரும், வலிமை கூடும். விட்டுவிட்டால் எதுவும் உயராது. கடைசிவரை எவரையும் கொல்லாதவர் தொடங்கிய முதல் நிலையிலேயே நிற்பார். நம் பதினான்கு குணஸ்தானங்களிலும் ஏறுவது எதையும் ஈட்டியன்று, கஷாயங்களைக் களைந்தே என்பதை எண்ணி, அயல்நாட்டார் ஒருவர் ஆட்டத்தில் இத்தகைய ஏணியைக் கண்டு மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை.

டோரியல் என்பாள் ஆட்டு முகமுடைய ஒரு தாய். விழுந்த குழந்தையைக் காத்துத் தன் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, பணியாரம் சுட்டு வைத்து உறங்கச் செய்கிறாள். வெளியே சென்றால் இக்குழந்தை மடிந்துவிடும் என்றஞ்சி வாயிலை மறித்து நிற்கிறாள். கடந்து செல்லவேண்டுமாயின் அவளை எதிர்கொள்ள வேண்டும். விட்டுவிடும் விசையை அழுத்தினோம். அவள் நெருப்பை எறிந்தாள். மீண்டும் அழுத்தினோம், மீண்டும் நெருப்பு. பேசிப் பார்த்தோம், பயனில்லை. எம் இதயத்தின் வலிமை குறைந்துகொண்டே வந்தது. அப்போது யாம் செய்த முடிவு இது: கொல்ல வேண்டாம், சற்றே அடித்துத் தளரச் செய்வோம், தளர்ந்தபின் விட்டுவிடுவோம். அளவு பார்த்து அடித்தோம். அவள் வலிமையைக் காட்டும் கோடு மெல்லச் சுருங்கியது. இன்னும் ஓர் அடி போதும் என்று அடித்தோம். அவ்வோர் அடியில் அவள் மடிந்தாள்.

"தாத்தா, கொன்னுட்டீங்க" என்றான் பெயரன். அவன் சிரிக்கவில்லை.

ஆட்டத்தை நிறுத்தி, பதிந்து வைத்த பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். இம்முறை அடிக்கவேயில்லை. எத்தனை நெருப்பு வந்தபோதிலும் விட்டுவிடும் விசையையே பலமுறை அழுத்தினோம். ஒரு கட்டத்தில் அவள் எறிந்த நெருப்பு எம்மைத் தொடாமல் விலகிச் சென்றது! கொல்ல அவளுக்கும் மனமில்லை. அதைக் காணும்வரை யாம் பொறுக்கவில்லை, அவ்வளவே. பின்னர் வழிவிட்டாள். வாயிலைக் கடந்தோம். அப்பால் ஃபிளவி என்னும் தீய மலர் ஒன்று காத்திருந்தது. முன்னர் அவளை நீ கொன்றாய், பின்னர் வருந்தித் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்னும் பொருள்பட அது எம்மை எள்ளியது. அழித்துவிட்டோம் என்று யாம் கருதிய செயலை ஆட்டம் தன்னுள் எழுதி வைத்திருந்தது. வினை உயிரோடு ஒட்டும் என்று நூற்றுமுறை உரைத்த நாவு எம்முடையது. ஒட்டுதல் என்றால் என்ன என்று அன்றே உடல் கூசி அறிந்தோம்.

இனி, கொல்லப்பட்டது எது? திரையில் ஒளிப்புள்ளிகள் அணைந்தன; ஓர் எறும்பும் சாகவில்லை. பெயரன் முன்னர் எம்மிடம் வாதித்ததும் இதுவே. ஊறு என்பதற்கு உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் தரும் இலக்கணம், பிரமாதம் வாய்ந்த செயலால் உயிர்ப்பிராணனைப் பிரித்தல் என்பது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. கஷாயத்தின் வயப்பட்டு மதிமறந்த நிலை. இவ்விலக்கணத்தின் இரண்டாம் பகுதி திரையில் இல்லை. ஆகவே அது கொலையன்று என்று சிறுவன் கூறின் மறுப்பது கடினம். ஆனால் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் ஒருபடி மேற்செல்கிறார். பற்று முதலியவை உள்ளத்தில் தோன்றுதலே ஊறு, தோன்றாமையே அகிம்சை என்கிறார். ஊறு செய்யாமலே ஒருவன் அதன் பயனை அடைதலும், செய்தும் ஒருவன் அடையாதிருத்தலும் உண்டென்கிறார். யசோதரன் கதை இக்கருத்தின் மேல் நிற்பது.

அக்கதையை யாம் இதுகாறும் தவறாகவே சொல்லி வந்தோம் என்று கட்டிலிற் கிடந்தபோது தோன்றியது. யசோதரன் கொடியவன் அல்லன். தாய் சந்திரமதி தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொன்னபோது மறுத்தவன். அவள் வருந்த, இருவருக்கும் இசைவாக மாவாற் செய்த கோழியைப் பலியிட இணங்கினான். அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயும், மீனும் முதலையும், ஆடும் எருமையும், கோழியுமாகப் பிறந்து பிறந்து வெட்டுண்டனர். மாவைக் கொன்றதற்கா இத்தனை துன்பம் என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. எண்ணத்தாற் கொன்றான் என்று விடை சொல்வோம். இப்போது எம் விடை சற்றே வேறு. அவன் கொல்ல எண்ணியவனும் அல்லன். இவ்வளவு மட்டும் பரவாயில்லை என்று எண்ணியவன். யாம் டோரியலை அடித்ததும் அப்படித்தான். கொலைவெறி கொண்டவனைவிட, அளவு பார்த்து இணங்கியவனையே காவியம் ஏழு பிறவிக்கும் துரத்துகிறது.

இவ்விடத்தில் நிறுத்தியிருப்பின் இது வெறும் நூலாராய்ச்சியாகவே முடிந்திருக்கும். ஃபிளவியின் எள்ளல் எம்மை வேறொன்றை நினைக்கச் செய்தது.

யாம் இவ்வூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றினோம். இரவு முறையில் குழாய்களைச் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவது எம் கடமை. இணைப்புகளில் கசிவைக் காணும்போது, முறையாக அறிவித்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், மேலாளர் சினப்பார், உற்பத்தி குறையும். "சிறு கசிவு, கவனிக்கப்படும்" என்று எழுதிக் கையொப்பமிடுவோம். எத்தனை முறை எழுதினோம் என்பது நினைவில் இல்லை. கழிவு கால்வாயில் இறங்கும். கால்வாய் முகத்துவாரம் சேரும். அந்நீரில் இறாலும் நண்டும் மீனும் வாழ்ந்தன. அவற்றை நம்பிக் குப்பத்து மக்கள் வாழ்ந்தனர். கொல்லும் எண்ணம் எமக்கு அணுவளவும் இருந்ததில்லை. மாலையில் வீடு திரும்பி, நீரை வடிகட்டிப் பருகி, இருட்டுமுன் உண்டு, அகிம்சையை வாயாரப் போற்றினோம்.

உமாசுவாமியின் இலக்கணத்தை மறுபடி எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. திரையில் கஷாயம் இருந்தது, உயிர் இல்லை. கால்வாயில் உயிர்கள் எண்ணிறந்தன இருந்தன; எம்மிடம் சினமும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் பிரமாதம் இருந்தது. விழிப்பின்மை என்பதன் நேர்ப்பொருள் அதுவேயன்றோ? இலக்கணம் இருபகுதியும் குறைவின்றிப் பொருந்துவது பெயரனின் ஆட்டத்துக்கன்று, எம் பதிவேட்டுக்கு. 2023இல் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் சிறகு விரிக்கமாட்டாமல் கரையில் நின்றதையும், மீனவர் வாளிகளால் எண்ணெயை மொண்டதையும் கண்டு, யாரோ செய்த கொடுமை என்று பேசிக்கொண்டோம். அது எம் ஆலையின் வேலையன்று. எம் காலத்ததும் அன்று. ஆயினும் எங்கோ ஒரு பதிவேட்டில் ஒருவர் 'சிறு கசிவு' என்று எழுதியிருப்பாரோ என்னும் எண்ணம் இப்போது எம்மை விடுவதில்லை.

இதைப் பெயரனிடம் சொன்னோம். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லத்தக்கதா என்று இல்லத்தார் கடிந்தனர். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ என்னைத் திட்டினது?" என்று மட்டும் கேட்டான். திரையில் வெட்டி மகிழ்வதை அநர்த்த தண்டத்துள் ஒன்றாகவே யாம் இன்றும் கருதுகிறோம். பயனின்றி உள்ளத்தைக் கொடுமையிற் பழக்குவது அது. அதனை அவனிடம் மறைக்கவில்லை. ஆனால் அதைக் கடியும் குரலில் இருந்த உரிமை எமக்கு இல்லாமற் போயிற்று என்பதையும் ஒப்புக்கொண்டோம்.

முழங்கால் தேறி மீண்டும் மொட்டை மாடிக்குச் சென்றோம். அடுத்த பாயினர் முன்போலவே எமக்குப் பின் சாய்கிறார். ஒருநாள் வடகாற்றில் அந்தப் பழகிய நெடி வந்தது. ஆழ மூச்சிழுக்கச் சொன்ன ஆசிரியை தாமே நிறுத்தி, எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னார். யாம் அன்று, எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு தாளில் குறித்து, பதினெட்டுப் பேரிடமும் கையொப்பம் பெற்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அஞ்சலில் அனுப்பினோம். 'சிறு' என்னும் சொல்லை எழுதவில்லை. அதன்பின் ஐந்து முறை எழுதியாயிற்று. இருமுறை மறுமொழி வந்தது.

அண்டர்டேலை அவ்விடுமுறை முடியும் முன் எவரையும் கொல்லாமல் முடித்தோம். கடைப்பகுதியில் எம் கை நடுங்கியதால் பெயரன் விசையைப் பிடித்துக்கொண்டான்; எதை அழுத்துவது என்பதை மட்டும் யாம் சொன்னோம். பாதாளத்தில் அடைபட்டோர் அனைவரும் வெளியேறிக் கதிரவனைக் கண்டனர். மறுநாள் ஆர்வத்தால் அதை மீண்டும் திறந்தபோது, அதே ஃபிளவி தோன்றியது. இம்முறை எள்ளவில்லை. எல்லாரும் இன்பமாக வாழ்கின்றனர். இனி அவர்களை அச்சுறுத்தக் கூடியவன் ஒருவனே, அது நீ. ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி அவர்கள் பெற்றதைப் பறிக்காதே, விட்டுவிடு என்னும் கருத்தில் வேண்டியது.

பெயரனுக்கு இன்னொருமுறை ஆட ஆசைதான். எம் முகத்தைப் பார்த்தான். யாம் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுநேரம் கழித்து அவனே மடிக்கணினியை மூடி வைத்தான்.